நாலாவது மூலை

ஜிப்சம் கலக்கும்போது மட்டும் கௌஸ் முகம்மது பேசமாட்டார். மற்ற நேரமெல்லாம் அவர் வாய் ஓயாது. தண்ணீரில் மாவைத் தூவி, கையை விட்டுச் சுற்றினால், அது தயிராகி, வெண்ணெயாகி, கல்லாவதற்குள் வேலை முடிய வேண்டும். அந்த நாலு நிமிஷத்தில் பேச்சுக் கொடுத்தவனைச் சாரத்திலிருந்து இறங்கச் சொல்லியிருக்கிறார். கல்லான பிறகு சட்டியைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் எதையும் கலக்கவில்லை. ஆனாலும் பேசாமல் நின்றார். அதனால்தான் ஷைஜு வரைபடத்தை மடக்கி வைத்துவிட்டு எழுந்து போனான்.

செப்டம்பர் கடைசி. வெயில் தணிந்துவிட்டது என்று காலண்டர் சொல்லும். துபாய்க் கடற்கழியான க்ரீக்கிலிருந்து வரும் ஈரக்காற்று அதைக் கேட்பதில்லை. பத்து மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஜிப்சம் தன் போக்கில் காய வேண்டுமென்று அந்த அறையில் ஏசி கிடையாது. இரண்டு ஸ்டாண்ட் ஃபேன்கள் சூட்டை இங்கிருந்து அங்கே தள்ளிக்கொண்டிருந்தன.

நூறு வருஷத்துக்கு முன் இரான் கரையிலிருந்து துபாய்க்கு வந்த ஒரு முத்து வியாபாரியின் வீடு அது. விருந்தாளிகள் உட்காரும் இந்த அறைக்காக ஷிராஸிலிருந்து ஆள் கூட்டிவந்து கூரை செய்திருந்தார். கூரைக்கு அடியில் தொங்கும் இன்னொரு கூரை. நாலு சுவரிலிருந்தும் ஜிப்சம் வளைவுகள் எழும்பி, ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, இடையிடையே கிண்ணம் மாதிரிக் குழிவுகளை விட்டு, உச்சியில் நட்சத்திரமாக முடியும். இரான்காரர்கள் அதைக் கார்பந்தி என்பார்கள். வீடு பூட்டிக் கிடந்த காலத்தில் ஒரு மழையில் மொத்தமும் விழுந்துவிட்டது. போட்டோ ஒன்றுகூட இல்லை. மிஞ்சியது, தரையில் மணலோடு மணலாகக் கிடந்த முந்நூற்றுச் சொச்சம் துண்டுகள். சுவர்களில், வளைவுகள் புறப்பட்ட இடத்து அடிக்கட்டைகள் கொஞ்சம். அதுவும் தென்கிழக்கு மூலையில்தான் முழுசாக.

அதை வைத்துக்கொண்டு, விழுந்ததைத் திரும்ப வரைய வேண்டும். அதுதான் ஷைஜுவின் வேலை. சிவில் படித்தவன். முப்பத்தோரு வயது. அவன் வரைந்ததைத் தரையில் அதே அளவுக்குக் கீறி, அந்தக் கோட்டின் மேல் நாணல் வைத்து ஜிப்சம் ஊற்றி, வளைவு வளைவாக எடுத்து மேலே மாட்டுவது கௌஸ் முகம்மதுவின் வேலை. மூன்று மூலை ஏறிவிட்டது. நாலாவது, வடமேற்கு. அங்கே யாரோ ஒரு காலத்தில் மின்சாரப் பெட்டி வைப்பதற்காகச் சிமெண்டை அப்பிவைத்திருந்தார்கள். அதை இன்றைக்குத்தான் உரித்தார்.

"இன்னா பாய், நின்னுட்டீங்க?" என்று ஷைஜு அவர் பாஷையிலேயே கேட்டான். கௌஸ் முகம்மது வாணியம்பாடிக்காரர்.

"ஏறி வா. வந்து நீயே பாரு. நான் சொன்னா தப்பாப் பூடும்."

சாரத்தில் ஏறிப் பார்த்தான். சிமெண்டுக்குப் பின்னால், ஒரு சாண் உயரத்துக்குப் பழைய அடிக்கட்டை. உடையாமல், நாணல் நுனி நீட்டிக்கொண்டு. அது போக வேண்டிய பக்கம் போகவில்லை. மற்ற மூன்று மூலையிலும் வளைவு அறையின் நடுவைப் பார்த்துப் புறப்படும். இது வாசல் பக்கமாகச் சாய்ந்து புறப்பட்டிருந்தது.

"பின்னால இன்னா கீது தெரியுமா?" கௌஸ் முகம்மது சுவரைத் தட்டினார். உள்ளே காலியாகச் சத்தம் வந்தது. "காத்துக் கோபுரத்தோட குழாய். காத்து இறங்கற வாயை அடைக்கக் கூடாதுன்னு அந்த ஆளு ஒதுங்கிப் போயிருக்கான். ஒரு காலை ஒதுக்கினா ஒடம்பும் ஒதுங்கணும் இல்ல? நட்சத்திரம் நடுவுல இல்ல நைனா. வாசப்பக்கம் தள்ளிக் கீது."

ஷைஜு கீழே இறங்கி, மூலையில் கிடந்த மரப்பெட்டியை இழுத்தான். எந்த இடத்திலும் பொருந்தாத நாற்பத்திரண்டு துண்டுகள் அதில் இருந்தன. மேலே அவன் கையெழுத்திலேயே 'சேராதவை' என்று எழுதியிருந்தது. நீளமான ஒன்றை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினான். அடிக்கட்டையின் உடைந்த வாயில் வைத்தான். அழுத்தக்கூட வேண்டியிருக்கவில்லை. உட்கார்ந்தது.

"அப்ப மேல ஏத்தின மூணும்?" என்றார் கௌஸ் முகம்மது.

ஷைஜு துண்டை எடுத்து, துணியில் சுற்றி, பெட்டியிலேயே வைத்தான்.

* * *

ஷார்ஜா ரோலாவில், ஐந்தாவது மாடியில், இரண்டு படுக்கையறை வீடு. ஒன்றில் காயல்பட்டினத்துக் காதர் மைதீனும் அவர் மனைவி ஜொஹராவும். காதர் மைதீன் கீழே துணிக்கடையில் இருபது வருஷமாக மேனேஜர். மற்ற அறையில் ஷைஜுவும் அவன் மகள் ஜோஸ்மியும். ஜனவரிவரை அதில் சுபிஷாவும் இருந்தாள். நர்ஸ். நைட் டூட்டி முடிந்து ஸ்டாஃப் பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வந்தவள், இறங்க வேண்டிய இடத்தில் எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது என்றார்கள். இருபத்தொன்பது வயது.

நான்கு நாளாக வீட்டில் இன்னொரு ஆள். சுபிஷாவின் அக்கா அற்புதராணி. குவைத்தில், அப்பாசியாவில் பதினாறு வருஷம் இருந்து நர்ஸ் வேலை பார்த்தவள். கலாஸ், போதும் என்று முடித்துக்கொண்டு சொந்த ஊரான இனயத்துக்கே போகிறாள். புருஷன் ஞானசிங்கும் இரண்டு பையன்களும் அங்கே இருக்கிறார்கள். போகிற வழியில் ஷார்ஜாவில் இறங்கியிருக்கிறாள், தங்கச்சி பிள்ளையைக் கூட்டிப் போக. சனிக்கிழமை சாயங்காலம் திருவனந்தபுரம் ஃப்ளைட்.

பிள்ளையின் விசா சுபிஷாவின் பேரில் இருந்தது. அவள் போனதும் அதற்கும் உயிர் இல்லை. அவகாசம் வாங்கி வாங்கி இந்த மாதக் கடைசிவரை நீட்டியாயிற்று. இனி அப்பன் பேருக்கு மாற்ற வேண்டும். அதற்குக் கம்பெனி ஷைஜுவின் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக் கடிதம் தர வேண்டும். கடிதம் வந்தால் பிள்ளை இங்கே. வராவிட்டால் அற்புதராணியோடு ஊருக்கு. இது வீட்டில் நாலு பேருக்கும் தெரியும். ஷைஜு மட்டும் எந்தப் பக்கமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவன் உள்ளே வரும்போது அற்புதராணி மரவள்ளிக்கிழங்கை வேகவைத்து இறக்கிக்கொண்டிருந்தாள். சாளைக்கறி கொதித்தது. வீடு முழுக்கப் புளியும் தேங்காயும் மணத்தன.

"கை கால் கழுவிட்டு வா ஷைஜு. எலும்புக்கூடு மாதிரி இரிக்க. ஊர்ல பாத்தவியள் நான் ஒனக்கு ஒண்ணும் தரல்லன்னு செல்லுவாவ."

"பசிக்கல்ல மைனி."

"ஒனக்கு எப்பதான் பசிச்சு? ஒம்பது மாசமா இதயே செல்லுக." அவள் தட்டில் கிழங்கை வைத்துவிட்டாள். "பிள்ளைய கொண்டுபோன்னு ஒரு வாக்கு செல்லு. இல்லெங்கி, கொண்டுபோவாதேன்னு செல்லு. ரெண்டும் இல்லாம நீ செவரு மாதிரி இருந்தா, நான் எதன்னு எடுக்க?"

காதர் மைதீன் சோபாவில் இருந்து பேப்பரை இறக்கினார். "அவன் என்னம்மா சொல்லுவான். நாளக்கழிச்சு கம்பெனி கடுதாசி வந்துரும்னு அவன் மேனேஜர் ரிபாய் எங்கிட்டயே சொன்னாரு. கடுதாசி வந்தா புள்ள இங்கனயே இருந்துட்டுப் போவுது."

"இருந்துட்டு? ஆரு பாப்பா?"

"நான் பாக்கல?" என்றாள் ஜொஹரா. பிள்ளைக்குத் தலைபின்னிக்கொண்டிருந்தவள் சீப்பை நிறுத்தினாள். "மூணு பெத்து வளத்துக் கட்டிக் குடுத்திருக்கேன். இது ஒண்ணு எனக்குப் பாரமா?"

"ஜொஹராக்கா, நீங்க பாத்தத நான் குறச்சுப் பறயல்ல. ஒங்க காலத் தொட்டுக் கும்பிடணும். ஆனா நாள பின்ன நீங்களும் கலாஸ்னு போவிய. அப்ப? அவளுக்க சொந்தத்துல ஒரு ஆளு வேண்டாமா, அம்மையப் பத்தி எடுத்துச் செல்ல?"

ஜோஸ்மிக்கு நாலரை வயது. பெரியவர்கள் பேச்சு முடியும்வரை காத்திருந்து, ஷைஜுவின் முழங்காலைத் தட்டினாள்.

"டாடி, மம்மி ஸிங் பண்ணுமாம். சர்ச்ல. எல்லாரும் க்ளாப் பண்ணுவாங்களாம். பெரியம்மா டோல்ட் மீ."

சுபிஷா பாடமாட்டாள். பூசையில் எல்லாரும் பாடும்போது உதட்டை மட்டும் அசைப்பாள். குரல் தகரம் மாதிரி என்று அவளே சொல்லிக்கொள்வாள். பாடியவள் அற்புதராணிதான்.

"ம்," என்றான் ஷைஜு.

* * *

புதன்கிழமை மத்தியானம், சைட் ஆபீஸ் கண்டெய்னரில், பழைய கோப்பைத் திறந்து பார்த்தான். வடமேற்கு மூலையை அவன் எப்போது வரைந்தான் என்று கம்ப்யூட்டர் நாள் காட்டியது. சுபிஷாவை அடக்கம் செய்த ஒன்பதாம் நாள்.

இந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. கண்ணால் பார்த்ததை முழுக்கோடாகப் போட வேண்டும். இப்படி இருந்திருக்கலாம் என்று நினைப்பதைப் புள்ளிக்கோடாகப் போட வேண்டும். இரானிலிருந்து மாதம் ஒருமுறை வந்து பார்க்கும் கன்சல்டன்ட் இஃப்பத், கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிற ஒரே விஷயம் அதுதான். கோப்பில் வடமேற்கு மூலை முழுக்கோடாக இருந்தது. அவன் தென்கிழக்கு மூலையை அளந்து வரைந்திருக்கிறான். பிறகு அதையே கண்ணாடியில் காட்டின மாதிரி மூன்று தடவை திருப்பிப் போட்டிருக்கிறான். இரண்டு மூலையில் சுவர்த் தடயம் கிட்டத்தட்ட ஒத்துப்போனது. நாலாவதில் தடயமே இல்லை, சிமெண்டுதான் இருந்தது. அதையும் முழுக்கோடாகப் போட்டுவிட்டான். அறை சதுரம், ஆகவே எல்லா மூலையும் ஒன்று. ஒத்துவராத துண்டுகளைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டான்.

செய்ததாக அவனுக்கு ஞாபகமே இல்லை. அந்த வாரத்தில் ஞாபகம் இருப்பது ஒன்றுதான். ஆபீஸ் ஏசி நேராகப் பிடரியில் அடித்தது. நாற்காலியை ஒரு அடி நகர்த்தியிருந்தால் போதும். வாரம் முழுக்க நகர்த்தவில்லை.

கதவைத் திறந்துகொண்டு முகம்மது ரிபாய் வந்தார். கீழக்கரைக்காரர், ப்ராஜக்ட் மேனேஜர். கையில் இரண்டு பேப்பர் கப்பில் டீ.

"குடி தம்பி. மூஞ்சி ஏன் இப்படிக் கெடக்கு?"

"வடமேக்கு மூலைல பழைய கட்டை ஒண்ணு வந்திருக்கு சார்."

"கௌஸ் சொன்னாரு. நாளைக் காலைல வெட்டிட்டு நம்ம புது வளைவ உக்கார வைக்கச் சொல்லிட்டேன். பதினோரு மணிக்கு இஃப்பத் அம்மா வந்துருவாங்க."

"அது வேற பக்கம் போகுது சார். மொத்தமே..."

"தம்பி." ரிபாய் உட்கார்ந்தார். கோபப்படவில்லை. "நவம்பர்ல திறப்பு. அழைப்பு அடிச்சாச்சு. கீழ நின்னு மேல பாக்கறவனுக்கு ரெண்டு சாண் வித்தியாசம் தெரியுமா? அந்த வீட்டுக்காரரு எந்திரிச்சு வந்து கேக்கப் போறாரா?" மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். அரபியிலும் ஆங்கிலத்திலும் அவன் பெயர். "எல்லாம் அடிச்சு வச்சுட்டேன். நாளைக்குக் கூரை சரின்னு அம்மா கையெழுத்து விழுந்ததும் இதுல ஸ்டாம்ப் விழும். வெள்ளிக்கெழமை நம்ம ஆளு மூலமா விசாவுக்கு அனுப்பிடலாம். உன் புள்ள உன்கூட இருக்கும். எனக்கும் புள்ளைங்க இருக்கு. அதான் சொல்றேன்."

ஷைஜு டீயைக் குடித்தான். கப்பை நசுக்கிப் போட்டுவிட்டு எழுந்தான்.

வெளியே கௌஸ் முகம்மது நிழலில் உட்கார்ந்து, குப்பூஸ் ரொட்டியைப் பருப்பில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

"பேசினியா?"

"ம்."

"இன்னா சொன்னாரு?"

"வெட்டச் சொன்னார்."

"நீ இன்னா சொன்ன?"

ஷைஜு அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"சரி," என்றார் அவர். "நான் கூலிக்காரன். வெட்டுன்னா வெட்டறேன், வைன்னா வைக்கறேன். ஆனா ஒண்ணு. அது ஜிப்சம். வெட்டிட்டா பொடி. அப்பறம் அந்த ஆளு அங்க ஒதுங்கினான்றது எனக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும். நான் ரெண்டு வருஷத்துல மறந்துடுவேன். எனக்கு எங்க அத்தா சமாதி எந்த வரிசைன்னே மறந்து பூட்சு."

* * *

அன்று சாயங்காலம் அற்புதராணி மார்க்கெட்டில் நெய்மீன் வாங்கிவந்திருந்தாள். வயிற்றில் முட்டை இருந்தது. மிளகு மஞ்சள் போட்டு வதக்கினாள். ஜோஸ்மி தட்டைத் தள்ளிவிட்டாள்.

"யக்கி. ஸ்மெல்."

"அப்படிச் செல்லப்புடாது மக்கா. ஒனக்க அம்மைக்கு மீன்முட்டன்னா உசுரு. சட்டில ஒட்டுனதயும் வழிச்சுத் திம்பா. நீ அவளுக்க பிள்ளயில்லியா? ஒரு வாய்."

பிள்ளை மூக்கைச் சுளித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். அம்மாவுக்குப் பிடித்தது என்றால் தனக்கும் பிடிக்க வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"அவளுக்குப் பிடிக்காது," என்றான் ஷைஜு.

அற்புதராணியின் கை பாதியில் நின்றது.

"மீன்முட்ட மணம் அவளுக்கு ஆவாது. நான் பொரிச்சா சன்னலத் தொறந்து போட்டுட்டு, பால்கனில போயி நிப்பா. ஒரு தடவ சட்டியோட குப்பைல கொட்டினா." அவன் பிள்ளையைப் பார்த்துச் சொன்னான். "பாடவும் மாட்டா. கோவம் வந்தா ஃப்ரிட்ஜ காலால சாத்துவா. கீழ ஒரு சப்பை இருக்கு பாரு, அது அவ சவுட்டினது."

ஜோஸ்மி கண்ணைத் திறந்தாள். எழுந்து ஃப்ரிட்ஜ் பக்கம் போனாள். குனிந்து, கீழே உள்ள பள்ளத்தில் தன் கால் பெருவிரலை வைத்துப் பார்த்தாள்.

"மம்மி நாட்டி," என்றாள், நம்பாத குரலில்.

"ஆமா."

ஜொஹரா சிரித்துவிட்டாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அற்புதராணிக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்பூனைத் தட்டில் வைத்தாள்.

"ஒம்பது மாசம் வாயத் தொறக்காதவன், இப்பத் தொறந்து எனக்க தங்கச்சிக்க குத்தத்தயா எண்ணுக?"

"குத்தம் இல்ல மைனி."

"பின்ன என்னவாக்கும்?"

"அவ அப்படித்தான் இருந்தா."

அற்புதராணி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். முதுகைக் காட்டியபடியே சொன்னாள். "சின்னதுல திம்பா. எனக்கு ஓர்ம இரிக்கு. அம்மைக்கு மடில இருந்து திம்பா." பிறகு, "அது நான்தானோ என்னவோ," என்றாள்.

* * *

வியாழக்கிழமை காலை கௌஸ் முகம்மது உளியையும் சுத்தியலையும் இடுப்பில் செருகிக்கொண்டு சாரத்தில் ஏறினார். நாலாவது மூலைக்கான புது வளைவு, ஈரத்துணி போர்த்தி, கீழே இரண்டு ஆள் கையில் தயாராக இருந்தது. ரிபாய் வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார்.

கௌஸ் முகம்மது அடிக்கட்டையின் மேல் உளியை வைத்தார். வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தார். உளியை எடுத்து நுனியைப் பார்த்தார். மறுபடி வைத்தார். அவ்வளவு தாமதம் அவர் எந்த வேலையிலும் செய்ததில்லை. ஷைஜு சாரத்தின் மறுமுனையில் நின்றான். கடிதத்தை நினைத்தான். பிள்ளையின் பெருவிரல் அந்தப் பள்ளத்தில் பதிந்ததை நினைத்தான். வேறு ஒன்றும் யோசித்ததாகச் சொல்ல முடியாது. சுத்தியல் எழும்பியபோது அவன் கை போய் அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

"வெட்டாத பாய்."

"நிச்சயமா?"

"வெட்டாத."

"இத்த நேத்தே சொல்லி இருந்தா நான் ஏறியே இருக்க மாட்டேன்," என்றார் கௌஸ் முகம்மது. "முட்டி ரெண்டும் போச்சு." உளியை இடுப்பில் செருகிக்கொண்டு, கீழே நின்றவர்களைப் பார்த்து, "கீழ வைங்கடா, பைய," என்றார்.

ரிபாய் போனைக் காதிலிருந்து எடுத்தார். என்ன என்று கேட்பதற்குள் இஃப்பத் வந்துவிட்டார்.

ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. எப்போதும் போல வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். ஷைஜு சொல்ல வேண்டியதைச் சாரத்திலிருந்து இறங்கியவுடன் சொன்னான். ஆங்கிலத்தில், நாலு வாக்கியம். அவர் மேலே ஏறினார். டார்ச் அடித்துப் பார்த்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். இறங்க வெகுநேரம் ஆனது.

"இந்த மூலையை வரைந்தது யார்?"

"நான்."

"முழுக்கோடாகப் போட்டிருக்கிறீர்கள். எதைப் பார்த்து?"

"எதையும் பார்க்கவில்லை. மற்ற மூலையைத் திருப்பிப் போட்டேன்."

"ஏன்?"

அதற்கு அவனிடம் பதில் இருந்தது. நாள் சொன்னால் போதும், அவர் மேலே கேட்கமாட்டார். அவன் சொல்லவில்லை.

"அவனை நான்தான் கூப்பிட்டேன்," என்றார் ரிபாய். யாரும் எதிர்பார்க்கவில்லை. "பெண்டாட்டியைப் புதைத்த மறுவாரம். டிராயிங் கொடுக்கும் தேதி நெருங்கிவிட்டது. வந்தாக வேண்டும் என்றேன்." சொல்லிவிட்டு, சொன்னதற்காக வருத்தப்படுகிறவர் போல வெளியே போய்விட்டார்.

இஃப்பத் சேராத துண்டுகளின் பெட்டியைக் கேட்டார். தரையில், மணலில், சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஒன்று எடுப்பார், திருப்புவார், வைப்பார். கௌஸ் முகம்மது அவருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். ஷைஜு கயிறு பிடித்து மணலில் கோடு கீறினான், வாசல் பக்கம் தள்ளிய புது நடுவிலிருந்து. மத்தியானத்துக்குள் பதினேழு துண்டுகள் வரிசையில் நின்றன. பசி யாருக்கும் தெரியவில்லை. ஷைஜுவுக்குத்தான் திடீரென்று தெரிந்தது. கௌஸ் முகம்மதுவின் டிபனைத் திறந்து, கேட்காமலே ஒரு குப்பூஸை எடுத்துத் தின்றான்.

போகும்போது இஃப்பத் கையெழுத்துப் போடவில்லை. மூன்று மூலையும் இறக்க வேண்டும், புதிதாக வரைய வேண்டும், திறப்பு தள்ளிப்போகும் என்று எழுதிக் கொடுத்தார்.

ரிபாய் கண்டெய்னரில் காத்திருந்தார்.

"ரீவொர்க் டிசம்பர்ல முடியும். அதுவரைக்கும் நீதான் வரையணும்னு அந்தம்மா சொல்லிட்டாங்க. அதுவரைக்கும் இரு. அதுக்கு மேல கம்பெனி எழுதித் தராது. மேலிடத்துல பேசிட்டேன். மூணு மாசக் கடுதாசிய வச்சுக்கிட்டு புள்ள விசா எடுக்க முடியாது, உனக்கே தெரியும்." இழுப்பறையைத் திறக்காமல், அதன் மேல் கையை வைத்திருந்தார். "ஒரு நாள், ஒரே நாள் பொறுத்திருக்கலாமே தம்பி. ஸ்டாம்ப் விழுந்த பெறகு சொல்லியிருக்கலாம்."

"பெறகு கட்டை இருந்திருக்காது சார்."

"உன் புள்ள இருந்திருக்கும்."

ஷைஜு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் நின்றான்.

* * *

சொன்னபோது அற்புதராணி ஜெயித்தவள் போலப் பேசவில்லை. "செரி," என்றாள். பெட்டியை இறக்கி, பிள்ளையின் உடுப்புகளை மடிக்க ஆரம்பித்தாள். ஜொஹரா அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். காதர் மைதீன் பேப்பரை எடுத்தார், தலைகீழாக. பிறகு தானே பார்த்துத் திருப்பிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை ஷைஜு, அற்புதராணி, ஜோஸ்மி, காதர் மைதீன் நாலு பேரும் ரோலாவில் ஒரு டைப்பிங் சென்டருக்குப் போனார்கள். அம்மா இல்லாத பிள்ளை, அப்பன் இல்லாமல், பெரியம்மாவோடு விமானம் ஏறுவதற்கு அப்பனின் சம்மதக் கடிதம் வேண்டும். டைப் அடிக்கிறவன் உஸைர், காதர் மைதீனின் ஊர்க்காரன். கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு விரலால் அரபியைத் தட்டிக்கொண்டிருந்தான். ஜோஸ்மி அவன் மேசையிலிருந்த ரப்பர் முத்திரைகளை ஒவ்வொன்றாகக் கையில் குத்திப் பார்த்தாள்.

"புள்ள பேரு... பாஸ்போர்ட் நம்பர்... கூட்டிட்டுப் போறவங்க, தாயோட அக்கா. சரி." உஸைர் திரையைப் பார்த்தபடியே கேட்டான். "எந்தத் தேதியிலேர்ந்து?"

"இன்னைக்கு," என்றாள் அற்புதராணி.

"எதுவரைக்கும்?"

"அது வேண்டாம். சும்மா விடு," என்றாள் அவள்.

"விடலாம். நெறயப் பேர் விட்டுருவாங்க. கேக்கணும், அதான் கேட்டேன்."

"டிசம்பர் இருபத்திரண்டு," என்றான் ஷைஜு.

உஸைர் விரலைத் தூக்கியபடி இருவரையும் பார்த்தான்.

"ஷைஜு," அற்புதராணி குரலைத் தாழ்த்தினாள். "பிள்ளைய ஸ்கூல்ல சேக்கணும். நடுவுல பறிக்க ஒக்குமா? ஒனக்கு வேல இரிக்குமா இல்லியான்னு ஒனக்கே தெரியாது. கைல ஒண்ணும் இல்லாம நாள் மட்டும் குறிச்சா எப்பிடி? ஆண்டுப் பூசைக்கு நீ ஜனவரில வருவ இல்ல, அப்ப இருந்து பேசுவோம்."

"அதுக்கு முன்ன வருவேன். வேல கெடச்சா கூட்டிட்டு வருவேன். இல்லெங்கி நான் அங்க ஊர்லயே இருப்பேன். எங்கன்னாலும் அன்னைக்கு முதல் பிள்ள எனக்க கூட."

"ஊர்ல வந்து என்னத்த செய்வ?"

"தெரியாது."

"தெரியாம எப்பிடி நாள் குறிக்க?"

"நாள் தெரியும் மைனி. மத்தது தெரியாது."

உஸைர் காதர் மைதீனைப் பார்த்துத் தொண்டையைக் கனைத்தான். "அடிச்சுட்டா அட்டெஸ்டேஷனுக்குப் போயிரும் காக்கா. பெறகு மாத்தணும்னா மறுபடி முதல்லேர்ந்து."

"அடி," என்றான் ஷைஜு.

இரண்டு விரலும் தட்டின. பிரிண்டர் இழுத்து இழுத்துத் தாளை வெளியே தள்ளியது. உஸைர் கையெழுத்துப் போடும் இடத்தைப் பேனாவால் தொட்டுக் காட்டினான். ஷைஜு போட்டான். அற்புதராணியும் சாட்சியாகப் போட வேண்டும். அவள் பேனாவை வாங்கிக்கொண்டு, தாளை வாசிக்கத் தெரியாத அரபியிலிருந்து ஆங்கிலத்துக்கு இறங்கி, அந்தத் தேதி வரும் வரிவரை விரல் வைத்துப் படித்தாள்.

"ஸ்கூல்ல கேப்பாவ," என்றாள். "எத்தன நாளைக்குன்னு. நான் என்ன செல்லிச் சேக்க?"

"இதத்தான்."

அவள் கையெழுத்துப் போட்டாள்.